உப்புத்தொட்டிக்கு முக்கால் மணி நேர விடுப்பு

நாற்பத்து மூன்று பேர் சுவாசிக்கும் காற்றை நான் ஒரு சந்தனப் பொட்டால் நிறுத்தியிருக்கிறேன். நிலவில் எனக்கு முன்னால் யாரும் இதைச் செய்ததில்லை. இனிமேல் செய்யவும் விடமாட்டார்கள். என் பெயர் வைரவன். நிலவின் தென்முனைக் குடியிருப்புக்கு அப்போது நான்தான் நிர்வாகி. காரைக்குடிக்காரன், வாய் கொஞ்சம் நீளம், படம் எடுத்துக்கொள்வதில் ஆசை அதிகம். இந்த மூன்றில் கடைசியானதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நிலவில் காற்று இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே காலில் மிதிபடும் மண்ணின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆக்சிஜன்தான் இருக்கிறது. மண்ணோடு மண்ணாகப் பூட்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பிரித்தெடுக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொட்டி. லாரி நீளம், மார்பளவு ஆழம். உள்ளே கால்சியம் குளோரைடு என்ற உப்பு, தொள்ளாயிரம் டிகிரியில் உருகி, இளஞ்சிவப்பாகத் தளும்பிக்கொண்டிருக்கும். சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மண்ணைக் கூடையில் இறக்கி மின்சாரம் விட்டால், மண்ணிலிருக்கும் ஆக்சிஜன் கழன்று, உப்புக்குள் நீந்தி, மேலேயிருந்து இறங்கும் ஒரு தடித்த மின்முனைப் பலகையின் அடியில் குமிழியாக வெளியே வரும். அந்தக் குமிழியைத்தான் நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தோம்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் மாதம்மாள். மேட்டூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தேழு, குட்டையான உருவம். ஊரில் ஓர் அலுமினிய உருக்காலையில் இதேபோன்ற தொட்டிகளோடு பதினான்கு வருடம் குடித்தனம் நடத்தியவர். எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும் காலத்தில் இவர் எதற்கு என்று எங்கள் பொறியாளர்கள் முணுமுணுப்பார்கள். அவரோ தினம் இரண்டு முறை முகமூடியைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் மேல் குனிந்து மோந்து பார்ப்பார். "இன்னைக்கு மண்ணு கம்மியாப் போட்டிருக்கீங்க" என்பார். கணினியைக் கேட்டால் அதுவும் அதையே சொல்லும், ஆனால் இருபது நிமிடம் கழித்து.

ஆயுத பூஜை வந்தது. எனக்கு ஒரு யோசனையும் வந்தது.

"எல்லா மெஷினையும் முக்கால் மணி நேரம் நிறுத்துறோம். தொட்டியையும்தான்," என்றேன்.

மாதம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொட்டிய எதுக்குங்க?"

"நமக்கு மூச்சு குடுக்குற மெஷின் அது. அதுக்கு ஒரு ஓய்வு குடுக்காம, மிச்சதுக்கெல்லாம் மாலை போட்டா நல்லாவா இருக்கும்?"

"சோறு பாதி வேகறப்ப அடுப்ப அணைச்சுட்டுச் சாமி கும்புடுவாங்களா? எங்க ஆலையில கடப்பாரைக்கும் கரண்டிக்கும்தான் பொட்டு வெப்போம். தொட்டி அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். தொட்டிக்கு லீவே கெடையாதுங்க சார்."

"கணினியக் கேட்டுட்டேன். மூணு மணி நேரம் வரைக்கும் தாங்கும்னு சொல்லுது."

"கணினி சொல்லுதுங்க. தொட்டி சொல்லலையே."

சிரித்து மழுப்பினேன். உண்மை என்னவென்றால், தொட்டி ஓடும்போது அதன் மேல் மாலை போட முடியாது, கருகிவிடும். மாலை போட்ட தொட்டிக்குப் பக்கத்தில் நான் கைகூப்பி நிற்கும் படம் பூமியில் எல்லாத் திரைகளிலும் வரவேண்டும் என்பது என் ஆசை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கடப்பாரைக்கு வேறு வேலை வந்திருக்கும்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. பொரி, கடலை, சூடம் இல்லாத குறைக்கு ஒரு சிறிய விளக்கு. தொட்டியை நிறுத்தி, மூடியை இறக்கி, காகித மாலை போட்டோம். ஒவ்வொரு கருவிக்கும் நானே என் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தொட்டிக்கு மேலே சுவரில் உருண்டையாக ஒரு கண்ணாடி இருந்தது. பார்த்தால் கண் மாதிரியே இருந்தது. அதன் நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, படமும் எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்தாவது நிமிடம் சுவிட்சைப் போட்டோம். கணினி மறுத்துவிட்டது. 'தொட்டியின் வெப்பநிலை தெரியவில்லை. மின்சாரம் அனுமதிக்கப்படாது.' ஆறு பொறியாளர்கள் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மின்சுற்று அட்டைகளைக் கழற்றி மாட்டினார்கள். பூமிக்குக் கேட்டு அனுப்பினார்கள். பூமி எங்களிடமே திரும்பக் கேட்டது. இரண்டு மணி நாற்பது நிமிடம் போனது.

மாதம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மேலே காட்டினார். "இது யாருங்க வெச்சது?"

தொட்டியின் சூட்டைத் தூரத்திலிருந்தே பார்த்து அளக்கும் கருவியின் கண்ணாடி அது. என் சந்தனம் அதற்குள் காய்ந்து, கல் மாதிரி ஒட்டியிருந்தது. அவர் ஏணியில் ஏறி, நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்தார். கணினிக்குப் பார்வை வந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூடியைத் தூக்கினோம். இளஞ்சிவப்பு போய்விட்டிருந்தது. மேலே வெள்ளை வெளேரென்று ஓடு கட்டியிருந்தது, பால் ஆடை மாதிரி, ஆனால் உள்ளங்கை கனத்துக்கு.

"முழுசா உறைஞ்சிருச்சா?" என்றேன். 

"அடியில இன்னும் உசுரு இருக்குதுங்க."

"உறைஞ்சாத்தான் என்ன, திரும்பக் கரண்ட் விட்டு உருக்கிடலாமே?"

"உறைஞ்சதுல கரண்ட் போகாதுங்களே சார்." அவர் பேசிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். "இந்த உப்பு எப்படி உண்டாச்சு? கால்சியம் ரெண்ட குடுத்துருச்சு. ரெண்டு குளோரினு ஆளுக்கு ஒண்ணா வாங்கிக்கிச்சு."

"எதைக் குடுத்துச்சு?"

"எலெக்ட்ரானத்தான். பத்தாங்கிளாஸ்ல படிச்சிருப்பீங்களே."

படித்தேன். தொண்ணூற்றாறு மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தத் தொண்ணூற்றாறும் அந்த நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"குடுத்தது ப்ளஸ்ஸு ஆயிரும், வாங்குனது மைனஸு ஆயிரும். அதுக்கப்புறம் ஒண்ண ஒண்ணு விடாதுங்க. கெட்டியா இருக்கறப்ப ஒவ்வொரு ப்ளஸ்ஸையும் சுத்தி மைனஸு நிக்கும், ஒவ்வொரு மைனஸையும் சுத்தி ப்ளஸ்ஸு நிக்கும். கல்யாணப் பந்தியில நெருக்கி உக்கார வெச்ச மாதிரி. எவனும் எந்திரிக்க முடியாது. எந்திரிக்க முடியாதவன் கரண்டத் தூக்கிட்டு எங்கீங்க போவான்? உருகுனாத்தான் அதுகளுக்குக் கால் மொளைக்கும். அந்தக் கரண்டுதான் தொட்டியச் சூடாவும் வெச்சிருக்குது. கரண்ட் நின்னா சூடு போயிரும். சூடு போச்சுன்னா கரண்ட் போகாது. அவ்வளவுதான் கதை."

முதன்முதலில் உப்பை உருக்கிய சூடேற்றும் கம்பிகள் ஒரு தடவைக்கு மட்டுமானவை. புதுக் கம்பிகள் அடுத்த கப்பலில் வருகின்றன. கப்பல் வர இருபத்தாறு நாள் ஆகும். சேமிப்பில் இருந்த காற்று ஒன்பது நாளைக்குத்தான். இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கூடத்தில் நின்ற எல்லோரும் அதை ஒரே நேரத்தில் போட்டு முடித்துவிட்டார்கள் என்பது முகங்களில் தெரிந்தது.

மாதம்மாள் ஓட்டின் மேல் கடப்பாரையால் அங்கங்கே மெல்லத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். ஒரே குத்து. பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. ஓடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராகப் பிளந்தது.

"எப்படிம்மா?" என்று ஒரு பொறியாளர் வாயைப் பிளந்தார்.

"ஒரு வரிசைய லேசா நவுத்திவுட்டாப் போதும் தம்பி. ப்ளஸ்ஸுக்கு எதிருல ப்ளஸ்ஸு வந்து நின்னுரும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கும். இரும்ப அடிச்சா நெளியும், உப்ப அடிச்சா உடையும். இடம் தெரிஞ்சு அடிக்கணும்."

கீழே செக்கச்செவேலென்று உப்பு இன்னும் உருகித்தான் இருந்தது. மின்சாரம் விட்டோம். நாலு வோல்ட், ஒழுங்காக ஓடியது. நான் கைதட்டப் போனேன். இருபதாவது நிமிடம் திரையில் நாலு என்பது சட்டென்று நாற்பது ஆனது. கணினி தொட்டியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மின்சாரத்தை வெட்டியது. மறுபடி போட்டோம். மறுபடி நாற்பது, மறுபடி வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

"தொட்டி இருமுதுங்க," என்றார் மாதம்மாள். "உப்பு குளுந்து கெடக்குது, பலகையச் சுத்திப் பாதி ஓடு கட்டியிருக்குது. மிச்ச இடத்துல கரண்ட் எல்லாம் ஒரே பக்கம் முட்டுது. குமிழியெல்லாம் பலகைக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டுப் போர்வையாப் போத்திக்கிச்சு. பூமியா இருந்தா சுருக்கா மேல ஏறிரும். இங்க எடை ஆறுல ஒரு பங்குதானே, சோம்பேறித்தனமா நிக்குது. உப்பு பலகையத் தொட மாட்டேங்குது, அதான் கரண்ட் தவிக்குது."

"என்ன செய்யலாம்?"

"கணினி கரண்ட வெட்டக் கூடாது. நாற்பது வோல்ட்டுலயே ஓடட்டும். அந்தப் போர்வைய நான் கிழிக்கறேன்."

"எதை வெச்சு?"

"கம்பு வேணுங்க. பச்சைக் கம்பு."

பொறியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரும்புக் கம்பி தருகிறோம் என்றார் ஒருவர். மாதம்மாள் தலையை ஆட்டினார்.

"இரும்பு சும்மா கெடக்கும். தண்ணி ஊத்துனா வெடிச்சு நம்மள எல்லாம் சேத்து எடுத்துட்டுப் போயிரும். பச்சை மரத்துல இருக்கற தண்ணி அப்படியில்லீங்க. உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்து கொஞ்சங் கொஞ்சமா ஆவியா வரும். பலகைக்கு அடியில குத்துனா பொளபொளன்னு கொதிக்க வெச்சுப் போர்வையக் கிழிச்சு விட்டுரும். எங்க ஆலையில கம்ப்யூட்டரு நின்னுபோற அன்னிக்கு இதான் வைத்தியம்."

கணினியின் கையைக் கட்டிப்போட நிர்வாகியின் கையெழுத்து வேண்டும். மின்மாற்றி எரிந்தால் பொறுப்பு நான். யோசிக்காமல் போட்டேன். நான் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கம்பு? நிலவு முழுக்கத் தேடினாலும் மரம் என்று இருந்தது ஒன்றுதான். அது ஜெசிந்தாவின் கொய்யா.

ஜெசிந்தா எங்கள் தோட்டக்காரர். நாகர்கோவில்காரர், தாவரவியல் படித்தவர். மூன்று இலையோடு கொண்டு வந்த கன்றைப் பதினொரு வருடம் வளர்த்து ஆளாக்கியிருந்தார். ஈர்ப்பு குறைவானதால் அதன் கிளைகள் தரைக்கு வளையாமல் நெடுநெடுவென்று மேல்நோக்கிப் போயிருந்தன. குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அந்த மரத்திலிருந்து ஒரு பழம். ஒருவருக்கு ஒன்றுதான், நிர்வாகிக்கும் ஒன்றுதான். போன வாரம் தோரணத்துக்கு நாலு இலை கேட்கப் போனேன். கத்தரிக்கோலைக் காட்டி விரட்டிவிட்டார்.

வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மனிதகுலம், தியாகம் என்றெல்லாம் நல்ல சொற்களாகத் தேர்ந்து வைத்திருந்தேன். தோட்டத்துக்குள் நுழைந்தால் ஜெசிந்தா ஏணிமேல் நின்று ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே ஏற்கெனவே இரண்டு கிளைகள் கிடந்தன.

"மாதம்மாக்கா கம்பு கேட்டது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு," என்றார் திரும்பாமலேயே. "இங்க வேற எங்க இருக்கு கம்பு?"

"ஜெசிந்தா, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். நீங்க பேசுனா எனக்குக் கோவம் வரும். போன வாரம் நாலு இலைக்கே உங்களத் திட்டுனேன்லா?" ரம்பம் நிற்கவில்லை. "இந்த மரம் ஒரு நாளைக்கு விடுற ஆக்சிஜன் ஒரு ஆளுக்கே காணாது பாத்துக்கிடுங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் அது எல்லாருக்கும் குடுக்கப் போகுது. பிடிங்க, காய் நசுங்காம பிடிங்க."

அவர் அழவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அழுதார். அழுதுகொண்டே அறுத்தார்.

தோட்டத்திலிருந்து தொட்டிக் கூடம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கிளைகளைக் கைமாற்றினார்கள். மாதம்மாள் முதல் கம்பைக் கையில் வாங்கி, இலையை உருவிவிட்டு, எடை பார்ப்பது மாதிரி ஒரு நிமிடம் பிடித்திருந்தார். பிறகு தொட்டிக்குள் சாய்வாக இறக்கிப் பலகைக்கு அடியில் கொடுத்தார். உப்பு உறுமியது. புளித்த, மூக்கை அறுக்கும் வெள்ளைப் புகை குபீரென்று கிளம்பியது. திரையில் நாற்பது, முப்பத்தொன்று, பதினெட்டு, நாலு.

கூடமே கத்தியது. மாதம்மாள் மட்டும் கத்தவில்லை. "ஒரு மணி, ஒன்றரை மணி தாங்கும். அடுத்த கம்ப ரெடி பண்ணுங்க," என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. ஓடு முழுவதும் கரைந்து தொட்டி பழைய சூட்டுக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். அதுவரை ஒவ்வொரு முறை போர்வை கட்டும்போதும் கிழிக்க வேண்டும். திரை நாற்பதைக் காட்டிய பிறகு குத்தினால் தாமதம். அதற்குள் மின்மாற்றி சூடேறிவிடும். கட்டப்போகிறது என்று தெரிந்தவுடனே குத்த வேண்டும். அதைச் சொல்லக்கூடியது ஒரே ஒரு மூக்குதான்.

"மாஸ்க்கைப் போடுங்க மாதம்மா," என்றேன் இரண்டாவது கம்பிலேயே.

"போட்டா எனக்குக் கண்ணக் கட்டிவுட்ட மாதிரிங்க. போர்வை கட்டறதுக்கு முன்னால வாசம் மாறும். அத மோந்தாத்தான் தெரியும்."

"அது ஆசிடுப் புகை."

"தெரியுங்க. பதினாலு வருசம் அதோடதான இருந்தேன்."

நான் நிர்வாகி. உத்தரவு போட்டிருக்கலாம். போடவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கு அந்த மூக்கு தேவைப்பட்டது, எனக்கும்தான். அவர் குனிந்து மோப்பார், கையை நீட்டுவார், யாரோ ஒருவர் கம்பை அந்தக் கையில் வைப்பார். மோந்ததும் அவர் முகத்தையே எல்லோரும் பார்ப்போம். "இன்னும் இல்ல" என்று அவர் சொன்னால் நாற்பது பேரின் தோள்கள் இறங்கும். "குடுங்க" என்றால் எல்லோருக்கும் கை பரபரக்கும்.

மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது. ஒன்பதாவது கம்புக்குப் பிறகு அவர் குனியும்போதெல்லாம் இடது உள்ளங்கையைத் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் அழுத்தி வைத்துக்கொண்டார். களைப்பு, பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உட்கார ஒரு முக்காலி போட்டேன். கம்புக்கும் கம்புக்கும் நடுவில் அதில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். நான் எழுப்ப வேண்டியிருக்கும் என்று பக்கத்திலேயே நின்றேன். ஒரு முறையும் எழுப்ப நேரவில்லை. பூமியிலிருந்து பெரிய விஞ்ஞானிகள் குறுக்கும் நெடுக்குமாக ஆலோசனை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றை யாரும் அவரிடம் கொண்டுபோகவில்லை. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பெரிய மனிதர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த முக்காலியின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு இடுப்பு தானாக வளைந்தது.

பத்தொன்பதாவது கம்போடு கிளைகள் தீர்ந்தன. ஜெசிந்தா யாரையும் கேட்கவில்லை. அடிமரத்தை அறுத்து நாலாகப் பிளந்து, தானே தோளில் தூக்கி வந்தார்.

"கண்ணு, இதையுமா?" என்றார் மாதம்மாள்.

"வேரு இருக்குக்கா. குத்துங்க."

இருபத்தொன்றாவது குத்துக்குப் பிறகு ஒரு மணி போனது. ஒன்றரை மணி போனது. இரண்டு மணி, மூன்று மணி. திரையில் நாலு அசையாமல் நின்றது. ஓடு இருந்த இடம் தெரியவில்லை. தொட்டி பழைய இளஞ்சிவப்புக்கு வந்திருந்தது. தொடங்கி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு துண்டு மரம் மிச்சம். மாதம்மாள் கடைசியாக ஒரு முறை குனிந்து மோந்து, நிமிர்ந்து, "சரியாயிருச்சுங்க. போய்த் தூங்குங்க எல்லாரும்," என்றார். சிலர் அவர் காலில் விழப்போனார்கள். அவர் கடப்பாரையைக் காட்டி விரட்டினார்.

நான் என் அறைக்குப் போய் அறிக்கை எழுதினேன். சந்தனப் பொட்டை மறைக்கவில்லை. படம் எடுக்க ஆசைப்பட்டதையும், அவர் வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினேன். அடுத்த கப்பலில் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று தெரியும். கூப்பிட்டுக்கொண்டார்கள். அதுவல்ல விஷயம்.

அறிக்கையை அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். பழுக்காத பச்சைக் காய்கள், அறுபது எழுபது இருக்கும். "இனி யார் பிறந்தநாளுக்கும் காத்திருக்க வேண்டாம். எல்லாரும் எடுத்துக்கோங்க. முதல்ல அக்காவுக்கு," என்று நல்லதாக ஒன்றைப் பொறுக்கி என்னிடம் கொடுத்தார்.

தொட்டிக் கூடத்தில் மாதம்மாள் தனியாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து தடித்திருந்தது. காயைக் காட்டினேன். சிரித்தார்.

பச்சைக் கொய்யாவுக்கு உப்பு இல்லாமல் எப்படி? மேசைமேல் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் வெள்ளையாக உப்பு இருந்தது. லேசாக ஈரம் கோத்திருந்தது, உப்பு என்றால் அப்படித்தானே. காயை எட்டாக வெட்டி, நன்றாகத் தொட்டு எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். நிதானமாக மென்றார். "நல்லாருக்குதுங்க சார். கொய்யாக்கா தின்னு எத்தன வருசமாச்சு."

எனக்கும் ஒன்றைத் தொட்டு வாயில் போட்டேன். கசப்பு. கசப்பென்றால் நாக்கைச் சுட்டு, தொண்டையை இறுக்கி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் கசப்பு. அது சமையல் உப்பு இல்லை. தொட்டிக்குப் போடுவதற்காகப் பொறியாளர்கள் சோதித்துப் பார்க்கும் உப்பு. நான் மறுபடியும் என் புத்தியைக் காட்டியிருந்தேன். துப்ப வாயைத் திறந்தவன், அவர் கையைப் பார்த்தேன். மூன்றாவது துண்டு அவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கை நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஏழாவது கம்புலயே மூக்கு போச்சுங்க. நாக்கு எப்பப் போச்சுன்னு தெரியல. இப்பத்தான் தெரியுது."

"அப்புறம் பதினாலு கம்பு மோந்து பாத்துதானே..."

"மோந்தா ஒண்ணும் வரலைங்க. கைப்பிடிக் கம்பி அதிருறத வெச்சுக் கண்டுபிடிச்சேன். போர்வை கட்டறப்ப அதிர்ச்சி கொஞ்சம் மாறும்."

"அப்ப மாஸ்க்கப் போட்டிருக்கலாமே மாதம்மா! எதுக்கு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு அந்தப் புகைய இழுத்தீங்க?"

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க அத்தன பேரும் என் மூக்கத்தான பாத்துட்டு நின்னீங்க. அத மூடியிருந்தேன்னா, கம்பு குடுக்கற கை நடுங்கியிருக்கும்ங்க."

எனக்கு அழுகை வந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. தொட்டியில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. நான் வாயிலிருந்ததைத் துப்பவில்லை. மென்று விழுங்கினேன். பிறகு மீதியிருந்த துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதே கிண்ணத்தில் தொட்டுத் தின்று முடித்தேன்.